பெயர் தெரியாத சீமை அத்தி



சென்ற இதழில் மாதுளைக் கன்று பற்றி எழுதினாலும் எழுதினேன், அதைப் படித்த பலர் அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டார்கள். "சீமை அத்தி நம் ஊர் வெயிலுக்குக் காய்க்குமா? எந்த ரகம் வாங்கலாம்? கலர் கலராகப் படம் போட்டு விற்கிறார்களே, அதெல்லாம் நிஜமா?" என்று சேலத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கைக்குழந்தைக்காரியான இன்னொரு சகோதரி, "அத்திப்பழம் சாப்பிட்டால் இரத்தம் ஊறும் என்கிறார்களே, மாத்திரையை நிறுத்திவிடலாமா?" என்று கேட்கிறார். இரண்டு கேள்விக்கும் நான் பட்ட பாட்டிலேயே பதில் இருப்பதால், இந்தத் தடவை சீமை அத்தியை எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் ஊர் ஓடைக்கரையில் அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாகக் காய்க்கிறதே, அது நாட்டு அத்தி. 2019-ல் காஞ்சிபுரத்தில் ஊரே திரண்டு போய்த் தரிசித்த அத்தி வரதர், அந்த அத்தி மரத்தில் செய்த திருமேனிதான். நாட்டு மருந்துக் கடையில் நூலில் கோத்துத் தட்டையாக விற்கும் உலர்ந்த பழம் சீமை அத்தி. இதன் பூர்வீகம் மேற்கு ஆசியாவும் மத்திய தரைக்கடல் பக்கமும். இரண்டும் ஒரே குடும்பம். ஆல், அரசு, இத்தி எல்லாமே இவற்றுக்குப் பங்காளிகள். கிள்ளினால் பால் வடிவதைப் பார்த்தாலே உறவு தெரிந்துவிடும்.

"அத்தி பூத்தாற்போல" என்று சொல்கிறோம் அல்லவா? அத்தி பூக்காமல் இல்லை. நாம் பழம் என்று கடிக்கிறோமே, அதற்குள்ளேதான் நூற்றுக்கணக்கான பூக்கள் உள்பக்கமாகத் திரும்பிக்கொண்டு பூத்திருக்கின்றன. வெளியே தெரியாததால் பூக்காத மரம் என்று பெயர் வாங்கிவிட்டது. நாட்டு அத்தியைப் பிட்டால் சின்னச் சின்னப் பூச்சி பறக்கிறதே, அந்தக் குளவிப் பூச்சிதான் உள்ளே போய் மகரந்தச் சேர்க்கை செய்கிறது. சீமை அத்தியிலும் சில வகைகளுக்கு அப்படி ஒரு குளவி வேண்டும். சில வகைகள் குளவி இல்லாமலேயே பழுக்கும். கன்று வாங்குகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இதுதான். ஏன் என்று கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

இரத்தம் ஊறுமா?

ஆறு வருஷத்துக்கு முன்பு என் மகள் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஏழாம் மாதம் இரத்தம் பரிசோதித்தால் ஹீமோகுளோபின் 8.9. கர்ப்பிணிக்கு 11-க்குக் குறைந்தாலே இரத்தசோகை என்று கணக்கு. டாக்டரம்மா இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கொரு யோசனை. என் நாத்தனார், "மாத்திரை எல்லாம் சூடு அண்ணி. தினம் அஞ்சு அத்திப்பழம் ஊறவெச்சுக் குடுங்க, பத்தே நாள்ல ரத்தம் ஏறிடும்" என்றாள்.

அடுத்த தடவை போனபோது டாக்டரம்மாவிடமே கேட்டேன். சிரித்துக்கொண்டே ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். உலர்ந்த சீமை அத்தி 100 கிராமில் இரும்புச்சத்து சுமார் 2 மில்லிகிராம். அஞ்சு பழம் என்பது 40, 50 கிராம். அதில் கிடைப்பது 1 மில்லிகிராம். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 27 மில்லிகிராம். அரசு கொடுக்கும் மாத்திரை ஒன்றில் இருப்பது 60 மில்லிகிராம். "இப்ப நீங்களே சொல்லுங்கம்மா, பழம் மாத்திரைக்கு ஈடாகுமா?" என்றார்.

ஆனால் பழத்தை அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மலச்சிக்கல் வருவது சகஜம். அந்தச் சங்கடத்துக்குப் பயந்துதான் பல பெண்கள் மாத்திரையை ஜன்னல் வழியே எறிந்துவிடுகிறார்களாம். உலர்ந்த அத்தியில் 100 கிராமுக்கு சுமார் 10 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. சுண்ணாம்புச்சத்தும் 160 மில்லிகிராம் வரை உண்டு. இரவில் இரண்டு பழத்தை ஊறவைத்துக் காலையில் தண்ணீரோடு சாப்பிட்டால் வயிறு லேசாகும், மாத்திரையும் நிற்காமல் ஓடும். அத்திப்பழம் இரத்தத்துக்கு உதவுவது இப்படிச் சுற்றி வந்துதான். மாத்திரையை காப்பி, டீயோடு சேர்க்காமல், நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்த உணவோடு சாப்பிடச் சொன்னார். சுண்ணாம்பு மாத்திரையை வேறு வேளைக்குத் தள்ளிவைக்கச் சொன்னார். என் மகள் இரண்டையும் விடாமல் சாப்பிட்டாள். பிரசவத்துக்குப் போகும்போது 10.8-க்கு ஏறியிருந்தது.

ஆகையால் கேள்வி கேட்ட சகோதரியே, டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். அத்தி துணை, அவ்வளவுதான்.

சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. உலர்ந்த அத்தியில் ஏறக்குறையப் பாதி எடை சர்க்கரைதான். மருந்து என்று நினைத்துக் கைநிறைய அள்ளக் கூடாது. பொட்டாசியமும் அதிகம் என்பதால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். தேனில் ஊறிய அத்தியை ஒரு வயது நிரம்பாத குழந்தையின் நாக்கில் தடவவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து, கைக்குழந்தையின் குடலில் முளைத்து விஷமாகும் ஆபத்து உண்டு. கடையில் வாங்கும் உலர்ந்த பழத்தைப் பிட்டுப் பார்க்காமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். உள்ளே பூஞ்சையோ புழுவோ இருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது.

பெயருக்குப் பணம்

மகளுக்காக அத்தி வாங்கி வாங்கிக் கைக்காசு கரைந்ததில், நாமே ஒரு மரம் வைத்தால் என்ன என்று தோன்றியது. எங்களுடையது கோவையில் மூன்றரை சென்ட் வீடு. பின்னால் பொடக்காலியில் துணி துவைக்கும் கல், ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை. மிச்சம் இருந்த இடம் ஒரு கட்டில் அளவு.

வாரச்சந்தையில் 150 ரூபாய்க்கு ஒரு கன்று வாங்கினேன். பிறகு ஒரு நர்சரியில், "இது அபூர்வமான வெளிநாட்டு ரகம், உள்ளே இரத்தச் சிவப்பாக இருக்கும்" என்று வாயில் நுழையாத ஒரு பிரெஞ்சுப் பெயர் அட்டையோடு 900 ரூபாய்க்கு இன்னொன்று. இரண்டு வருஷம் கழித்து இரண்டும் காய்த்தன. பக்கத்தில் பக்கத்தில் வைத்து அறுத்துப் பார்த்தேன். தோல், சதை, இலையின் வெட்டு, காம்பின் நீளம் எல்லாம் அச்சு ஒன்றுதான்! நர்சரிக்குப் போய்க் கேட்டால், "மண்ணைப் பொறுத்து மாறும் மேடம்" என்றார்கள். மண்ணுக்குத் தகுந்தபடி ருசி கொஞ்சம் மாறலாம். இலையின் வெட்டும் பழத்தின் வடிவமும் சேர்ந்து மாறி, சந்தைக் கன்றோடு அப்படியே ஒத்துப்போகுமா என்ன?

அதன் பிறகுதான் எனக்கு இந்த ரகங்களைப் பற்றி ஆசை பிடித்துக்கொண்டது. உலகத்தில் சீமை அத்திக்கு நூற்றுக்கணக்கான பெயர் வைத்த ரகங்கள் உண்டு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஐரா காண்டிட் என்பவர் வாழ்நாள் முழுக்க அத்தி ஆராய்ச்சி செய்து, 1955-ல் ரகங்களைப் பற்றி ஒரு பெரிய நூலே வெளியிட்டார். ஒரே மரம் ஊருக்கு ஊர் வேறு பெயரில் வழங்குவதும், ஒரே பெயரில் வேறு வேறு மரங்கள் இருப்பதும் அத்தியில் எப்போதும் உள்ள குழப்பம். நம் நாட்டில் தோட்டமாகப் பயிராவது முக்கியமாக மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும். புனே பக்கத்துப் புரந்தர் அத்திக்கு 2016-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தௌலதாபாத் வகையைவிட விளைச்சலிலும் தரத்திலும் மேலானது என்று தேர்ந்தெடுத்த 'தினகர்' என்று ஒன்று உண்டு. பெல்லாரிப் பக்கமும் பழைய அத்திச் சாகுபடி உண்டு.

இனி அந்தக் குளவி விஷயத்துக்கு வருகிறேன். 1880-களில் கலிபோர்னியாக்காரர்கள் துருக்கியின் ஸ்மிர்னா நகரத்து அத்திக்கு ஆசைப்பட்டு ஆயிரக்கணக்கில் குச்சிகளை வரவழைத்து நட்டார்கள். மரம் வளர்ந்தது, பிஞ்சும் வந்தது. ஆனால் பழுக்காமல் அத்தனையும் உதிர்ந்தது. "துருக்கிக்காரன் உதவாத குச்சியை அனுப்பி ஏமாற்றிவிட்டான்" என்று திட்டித் தீர்த்தார்கள். உண்மையில் குச்சியில் கோளாறே இல்லை. அந்த வகைக்கு வேண்டிய குளவிதான் அங்கே இல்லை. 1899-ல் ஃபிரெஸ்னோவில் அந்தக் குளவியைக் கொண்டுவந்து நிலைக்கவைத்த பிறகே மரம் பழுத்தது. கலிபோர்னியா, ஸ்மிர்னா இரண்டையும் சேர்த்து 'காலிமிர்னா' என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். நம் வீட்டுப் பொடக்காலியில் அந்தக் குளவி கிடையாது. அதனால் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், "குளவி இல்லாமல் பழுக்கும் வகையா?" என்று கேட்டு வாங்குங்கள். பிரவுன் டர்க்கி, பிளாக் மிஷன், டயானா, நம் புனா வகை எல்லாம் தானாகப் பழுப்பவை.

பச்சைத் தோல் அத்தி

அட்டையில் எழுதிய பெயரை நம்புவதைவிட, பழுத்த மரத்தைக் கண்ணால் பார்த்துக் குச்சி கேட்பது மேல் என்று முடிவு செய்தேன். கல்யாண வீடு, காதுகுத்து, துக்க வீடு என்று எங்கே போனாலும் பின்பக்கம் எட்டிப் பார்ப்பேன். "பொண்ணு பார்க்க வந்தவங்க மாதிரியா வர்ற? மரம் பார்க்கத்தானே வர்ற!" என்று எங்க வீட்டுக்காரர் கேலி செய்வார். அப்படித்தான் ஒரு வருஷம் தேடி, வேண்டியவர்கள் மூலமாக ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மா வீட்டு மரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டேன்.

பழைய ஓட்டு வீடு. கிணற்று மேட்டை ஒட்டி ஓங்கி நின்றது அத்தி. பழம் பழுத்தும் தோல் பச்சையாகவே இருந்தது. காய் என்று நினைத்தோ என்னவோ, காக்கா குயில்கூட அதிகம் கொத்தவில்லை. டீச்சரம்மா ஒன்றைப் பிட்டுக் கொடுத்தார். உள்ளே செக்கச்செவேலென்று இருந்தது. தேன் மாதிரித் தித்திப்பு, கடைசியில் லேசான புளிப்பு. அப்படியொரு பழத்தை நான் எந்தச் சந்தையிலும் பார்த்ததில்லை.

"என்ன ரகம்ங்க டீச்சரம்மா?" என்றேன்.

"பேரெல்லாம் யாருக்குத் தெரியும் அம்மிணி? எங்க மாமியா பெல்லாரிப் பக்கம் இருந்த தம்பி ஊட்டுக்குப் போனப்ப, ஈரத்துணியில சுத்தி ரயில்ல கொண்டாந்த குச்சி. நான் கல்யாணமாகி வர்றப்பவே காய்ச்சுட்டிருந்துச்சு. இன்னிக்கு வரைக்கும் அத்தி மரம்தான் அதுக்குப் பேரு."

அடுத்து அவர் சொன்னதுதான் நெஞ்சை அடைத்தது. வீட்டை விற்றாகிவிட்டது. தை பிறந்ததும் இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறார்கள். அவர் மகன் வீட்டுக்குப் போகிறார். மரம்? "அதை யாரு கேக்கறாங்க கண்ணு" என்று கிணற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாம்பழம் என்றால் கொட்டையை முளைக்கப் போட்டாவது பார்க்கலாம். குளவி இல்லாமல் பழுத்த அத்தியின் விதை முளைக்காது. முளைத்தாலும் தாயைப் போல இருக்கும் என்று சொல்ல முடியாது. குச்சி எடுத்து நட்டால்தான் அதே மரம். யாரும் எடுக்காமல் மரத்தை வெட்டிவிட்டால், அந்த ருசி அன்றோடு முடிந்தது.

மனுஷர் இப்படிக் குச்சி நட்டுக் காப்பாற்றுவது இன்று நேற்று வந்த வழக்கமும் இல்லை. ஜோர்டான் பள்ளத்தாக்கில் கில்கால் என்ற இடத்தில், 11,000 வருஷத்துக்கு மேற்பட்ட கருகிய அத்திப்பழங்கள் கிடைத்தன. அவை முளைக்கும் விதை இல்லாத வகை என்பதால், மனுஷர்தான் குச்சி வெட்டி நட்டு வளர்த்திருக்க வேண்டும் என்று 2006-ல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். அப்படியானால் பயிர் செய்த முதல் செடிகளில் அத்தியும் ஒன்று.

பன்னிரண்டு குச்சி

"மரத்தை வேரோட பேத்து லாரியில ஏத்திடலாமா?" என்றார் எங்க வீட்டுக்காரர். கட்டில் அளவு இடத்தில் எங்கே வைப்பது! கிளையிலேயே பட்டையை நீக்கித் தென்னை நார் கட்டி விண்பதியன் போடலாம் என்றால், வேர் பிடிக்க ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். எங்களுக்கு இருந்தது மூன்றே வாரம். நல்லவேளை, மார்கழி மாதம், மரம் இலை உதிர்த்து ஓய்ந்திருந்தது. குச்சி எடுக்க அதுதான் சரியான பருவம். நான் செய்த முறையை அப்படியே சொல்கிறேன். நீங்களும் செய்யலாம்.

1. பென்சில் கனத்துக்கு, நன்றாக முற்றிய கிளையில் ஒரு சாண் நீளக் குச்சி. மூன்று, நான்கு கணு இருக்க வேண்டும். அடிப்பக்கம் கணுவுக்குக் கீழே வெட்டினேன். தலைகீழாக நடாமல் இருக்க, மேல்பக்கத்தைச் சாய்வாக வெட்டி அடையாளம் வைத்தேன்.

2. வெட்டும்போது முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொண்டேன். அத்திப் பால் தோலில் பட்டு, அதன் மேல் வெயிலும் பட்டால் சுட்டது போலக் கொப்புளம் கிளம்பும். குழந்தைகளை இந்த வேலைக்குப் பக்கத்தில் விடாதீர்கள். பால் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நிழலுக்கு வந்துவிட வேண்டும்.

3. பாலைக் கழுவி, நிழலில் ஒரு நாள் ஆறவைத்தேன். ஆற்று மணலும் தென்னை நார்க் கழிவும் சம அளவு கலந்து, அடியில் ஓட்டை போட்ட பால் கவர்களில் நிரப்பி, இரண்டு கணு உள்ளே போகும்படி நட்டேன்.

4. தண்ணீர் ஊற்றுவதில்தான் பொறுமை வேண்டும். கலவையைப் பிடித்துப் பார்த்தால் ஈரம் தெரியணும், சொட்டக் கூடாது. குச்சி சாவது பெரும்பாலும் அழுகித்தான். பிளாஸ்டிக் பையால் தளர்வாக மூடி, வெயில் நேரே படாத வெளிச்சத்தில் வைத்தேன்.

5. இரண்டு வாரத்தில் இலை தலைகாட்டும். அதைப் பார்த்து உடனே பெயர்த்து நடக் கூடாது. குச்சியில் சேர்ந்திருக்கும் சத்திலேயே முதல் இலை வந்துவிடும். வேர் பிடிக்க ஒரு மாதத்துக்கு மேல், சில சமயம் இரண்டு மாதம்கூட ஆகும்.

பன்னிரண்டில் மூன்று அழுகியது. இரண்டு இலை விட்டு வாடியது. ஏழு பிழைத்தது. ஆறாம் குச்சி வேர்விட்ட வாரம் அந்தப் பக்கமாகப் பஸ்ஸில் போனேன். வீடு இருந்த இடத்தில் செம்மண் குழிதான் இருந்தது. மரம் நின்ற இடம் எது என்றே சொல்ல முடியவில்லை.

ஏழையும் நானே வைத்துக்கொள்ளவில்லை. ஒன்று எனக்கு. ஒன்று என் மகளுக்கு. ஒன்று நாத்தனாருக்கு. மூன்று கன்று, தெரிந்த மூன்று வீட்டுக்கு. ஏழாவதை ஒரு தொட்டியில் வைத்து டீச்சரம்மாவின் மகன் வீட்டுப் பால்கனிக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். இலையைத் தடவிப் பார்த்தார். "எங்க மாமியாளுக்கும் எனக்கும் ஒரு நாளும் ஒத்துவந்ததில்லை அம்மிணி. ஆனா இதுக்கு மட்டும் ரெண்டு பேரும் மாத்தி மாத்தித் தண்ணி ஊத்துவோம்" என்றார். போன சித்திரையில் எங்கள் வீட்டுக் கன்று முதல் தடவையாக எட்டுப் பழம் கொடுத்தது. அதே பச்சைத் தோல், உள்ளே அதே சிவப்பு. நாத்தனார் வீட்டுக் கன்று மழையில் செத்துப்போனது. என் மரத்தில் குச்சி எடுத்து மறுபடி கொடுத்திருக்கிறேன். ஒரே வீட்டில் வைத்திருந்தால் இது நடந்திருக்குமா? அபூர்வ ரகம் என்று பூட்டிவைப்பதைவிட, நாலு வீட்டுக்குக் கொடுத்துவைத்தால்தான் அது தங்கும்.

வீட்டில் வளர்க்க

தொட்டி என்றால் ஒன்றரை அடி அகலம் வேண்டும். செம்மண், மக்கிய எரு, மணல் சம அளவு. தண்ணீர் தேங்கக் கூடாது. ஆறு மணி நேரமாவது வெயில் படணும். வேரில் முடிச்சு முடிச்சாக வீங்கவைக்கும் நூற்புழு அத்திக்குப் பெரிய எதிரி. அதற்கு வேப்பம்புண்ணாக்கு ஒரு கைப்பிடி போட்டு, பக்கத்தில் செண்டுமல்லி வைக்கலாம். மழைக்காலத்தில் இலைக்கு அடியில் துரு மாதிரிப் பழுப்புத் தூள் ஒட்டினால் அது துரு நோய். உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். இலை மேல் தண்ணீர் தெளிக்காமல் வேரில் மட்டும் விடுங்கள். இலையில் மஞ்சள் திட்டுத்திட்டாக, கோணலாக இருக்கும் மரத்தில் குச்சி எடுக்காதீர்கள். அது பெரும்பாலும் தேமல் வைரஸ். குச்சியோடு கூடவே வந்துவிடும்.

மழையில் பழுக்கும் அத்தி சப்பென்றிருக்கும், வெடிக்கும். புனேப் பக்கம் கோடைக் காய்ப்பை இனிப்புப் பருவம் என்றும், மழைக் காய்ப்பைப் புளிப்புப் பருவம் என்றும் பிரித்தே பேசுகிறார்கள். பழத்தின் அடியில் உள்ள 'கண்' இறுக்கமாக மூடியிருக்கும் ரகமாகப் பார்த்துக்கொண்டால் எறும்பும் மழைநீரும் சுலபத்தில் உள்ளே போகாது. வாழைக்காய் மாதிரிப் பறித்துவந்து அரிசியில் புதைத்தால் அத்தி பழுக்காது. கழுத்து தளர்ந்து, பழம் தொங்கி, தொட்டால் மெத்தென்றிருக்கும்போது பறித்தால்தான் தித்திப்பு. பறித்த பழம் இரண்டு நாளுக்கு மேல் தாங்காது. பழத்தின் பாலில் உள்ள ஒரு பொருள் பாலைத் திரித்துவிடும் என்பதால், புதுப் பழத்தைப் பச்சையாகப் பாலில் போட்டு அடிக்காமல், வேகவைத்து ஆறிய பிறகு சேருங்கள்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் சகோதரிகள், "வரும்போது பெட்டியில் ரெண்டு குச்சி போட்டு எடுத்துட்டு வா" என்று சொல்ல வேண்டாம். 2003-ஆம் ஆண்டின் ஆணைப்படி, வெளிநாட்டுச் செடிக்கு இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். சட்டத்துக்கு மட்டும் பயந்து சொல்லவில்லை. ஒரு குச்சியோடு வரும் நோய் ஒரு ஊரையே பாழாக்கலாம். அதைவிட, நம் தெருவில் அடுத்த வருஷம் இடிக்கப்போகும் பழைய வீட்டின் பின்பக்கத்தை எட்டிப் பாருங்கள். அத்தியோ, மாதுளையோ, பவழமல்லியோ, பெயர் தெரியாமல் ஏதாவது ஒன்று நிற்கும். வீட்டுக்காரரைக் கேட்டு ஒரு குச்சி வாங்குங்கள். யார் வீட்டது, எந்த வருஷம் எடுத்தது என்று ஒரு தகரத்தில் ஆணியால் கீறித் தொட்டியில் கட்டுங்கள். மையில் எழுதினால் ஒரு மழைக்குத் தாங்காது. எங்கள் வீட்டுத் தகரத்தில் 'டீச்சரம்மா அத்தி' என்று இருக்கிறது.

கன்று வளர்ப்பதில் சந்தேகம் இருந்தால் வழக்கம்போல் எழுதுங்கள். அடுத்த இதழில் பலரும் கேட்டிருக்கும் மாடித் தொட்டி எலுமிச்சை பற்றிப் பேசுவோம்.